குளிர் அறைக்குள் ஹீட்டர் எதற்கு?

ஏப்ரல் 12, சனி

கப்பல் ஏஜென்ட் ஆபீசில் புது வருசத்துக்குக் கொடுத்த டைரி. இத்தனை நாள் வெறுமனே கிடந்தது. என்னைப் போன்ற அனுபவஸ்தன் எழுதி வைக்காமல் போனால் பின்னால் வருகிறவர்களுக்குத்தான் நஷ்டம். ஆகவே இன்று தொடங்குகிறேன்.

செவ்வாய்க்கிழமை முதல் மீன்பிடித் தடைக்காலம். இரண்டு மாதத்துக்குத் தூத்துக்குடி விசைப்படகு ஒன்றும் கடலுக்குள் இறங்காது. என் அக்கா மகள் ஜெனோவா அதற்காக இரண்டு வாரமாகச் சீலா, பாறை, விளமீன் என்று மீனாக வாங்கி வாங்கித் தன் மீன்கடைக்குப் பின்னால் உள்ள ஃப்ரீசர் ரூமை உத்தரம் வரை அடைத்து வைத்திருக்கிறாள். நர்சிங் கல்லூரி விடுதிக்கு வாரம் இரண்டு நாள், புதனும் ஞாயிறும், மீன் கொடுப்பது அவள்தான். கேரளத்து லாரிக் கம்பெனிக்காரன் ஒருவன் அந்த விடுதி வாசலிலேயே நிற்கிறான். தடைக்காலத்தில் ஒரு நாள் மீன் தவறினாலும் விடுதி அவன் கைக்குப் போய்விடும். விடுதி போனால் கடை நடத்துவதில் அர்த்தமில்லை.

"மாமா, ரூமு உங்க பொறுப்பு" என்றாள்.

சரியான ஆளிடம்தான் சொன்னாள். சார்ஜாவில் நான் பார்த்த ஃப்ரீசர் ரூமுக்குள் லாரி போய் வட்டமடித்துத் திரும்பும். இரண்டு லாரி என்றும் சொல்லலாம். அங்கே நான் சுமைதான் இறக்கினேன் என்று பொறாமைக்காரர்கள் சிலர் சொல்லித் திரிகிறார்கள். இறக்கினேன்தான். ஆனால் எதை எங்கே இறக்குவது என்று அரபியே என் முகத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்வான்.

ஏப்ரல் 13, குருத்து ஞாயிறு

கோயிலிலிருந்து நேரே லூர்தம்மாள் வந்தாள். கடையில் மீன் வெட்டிக் கழுவுகிறவள். ஜெனோவா கடை தொடங்கிய நாளிலிருந்து இருக்கிறாள். மந்திரித்த குருத்தோலையை முடைந்து சின்னதாக ஒரு சிலுவை செய்திருந்தாள்.

"அண்ணே, கடல மூடப் போறாவ. இனி ரெண்டு மாசத்துக்கு இந்த ரூமுதான் நமக்குக் கடலு. வாசல்ல இத வச்சிருவோம். ஆண்டவரு பாத்துக்கிடுவாரு."

அவளுக்குக் கை எட்டவில்லை. நான் மீன்பெட்டி மேல் ஏறி வைத்துக் கொடுத்தேன். சும்மா ஒட்டினால் விழுந்துவிடும் என்று காம்பைக் கதவு ரப்பருக்குள் ஆழமாகச் செருகினேன். அரைகுறை வேலை என் ரத்தத்திலேயே கிடையாது.

ஏப்ரல் 15, செவ்வாய்

இன்று ஒரு பெரிய மோசடியைக் கண்டுபிடித்தேன்.

மீன்பெட்டிகளைச் சரி பார்க்க உள்ளே போனேன். திடீரென்று மேலே உள்ள காற்றாடி நின்றது. சரசரவென்று ஒரு சத்தம். குளிர் தருகிற காயிலிலிருந்து சூடு! தண்ணீர் வேறு சொட்டுகிறது. வெளியே வந்து போர்டைப் பார்த்தேன். ஒவ்வொரு சுவிட்சுக்கும் கீழே இங்கிலீஷில் எழுதியிருக்கிறது. எழுத்துக் கூட்டினேன். ஹீட்டர்!

குளிர வைக்கிற ரூமுக்குள் ஹீட்டர். அடுப்பங்கரையில் ஐஸ் கட்டி வைத்த கதை. ரூமை மாட்டிக் கொடுத்த மெக்கானிக் சங்கரலிங்கம் சின்னப் பையன் முகத்தோடு இருக்கிறானே என்று பார்த்தால் இப்படி ஒரு வேலை செய்து வைத்திருக்கிறான். ஒரு பக்கம் குளிர், மறுபக்கம் சூடு, இரண்டுக்கும் கரண்ட்! மெஷின் சீக்கிரம் கெட்டால் அவனுக்கு மறுபடி வேலை.

சுவிட்சை அணைத்தேன். ஜெனோவாவிடம் சொல்லவில்லை. கரண்ட் பில் வந்து, "என்ன மாமா, இம்புட்டு கொறஞ்சிருக்கு?" என்று அவளே ஆச்சரியப்பட்டுக் கேட்கும்போது சொல்லலாம் என்று இருக்கிறேன். அந்த முகத்தைப் பார்க்க வேண்டும்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

கஞ்சி. கடை இல்லை. ரூமை மட்டும் அடிக்கடி திறந்து பார்த்துக்கொண்டேன். பொறுப்பு என்றால் அதற்கு லீவு கிடையாது.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

அற்புதம் என்றுதான் எழுத வேண்டும். ரூமுக்குள் பனி பிடித்திருக்கிறது. காயில் முழுக்க வெள்ளைப் பஞ்சு. கதவோரம் கண்ணாடி மாதிரி ஐஸ். ஹீட்டரை அணைத்த ஐந்து நாளில் இந்த ரூம் தன் உண்மையான சக்தியைக் காட்டிவிட்டது.

ஈஸ்டர் வாழ்த்துச் சொல்ல வந்தவர்களையெல்லாம் கூட்டிப்போய்க் காட்டினேன். பிள்ளைகள் கதவைத் திறந்து போட்டுக்கொண்டு சுரண்டிச் சுரண்டி எறிந்து விளையாடின. எதிர்வீட்டு ரூபர்ட் போட்டோ எடுத்துக்கொண்டான்.

"மிக்கேல் அண்ணாச்சி, எல்லாம் வந்துட்டு. பெங்குயின் எப்ப வருது?"

"அடுத்த லோடுல வருதுல. மொதல்ல ஒனக்கு ஒரு ஸ்வெட்டர் வாங்கிப் போடு" என்றேன். கடை வாசலே சிரித்தது.

ஏப்ரல் 23, புதன்

விடுதிக்கு மீன் போயிற்று. ஆனால் பெட்டியை எடுக்க லூர்தம்மாள் படாத பாடு பட்டாள்.

"அண்ணே, பொட்டியெல்லாம் தரையோட தரையா ஒட்டிக் கெடக்கு. காலு வேற வழுக்குது. மெக்கானிக்குக்கு ஒரு போன் போடுவமா?"

"ஏ லூர்து, பனின்னா என்ன? சேத்து வச்ச குளிரு. நாளைக்கே கரண்டு போனா இந்தப் பனிதான் மீனக் காப்பாத்தும். சார்ஜாவுல பனி பிடிக்கலன்னா அரபி எங்க சம்பளத்தப் பிடிச்சிருவான்."

எதிர்த்துப் பேசுகிற வழக்கம் அவளுக்குக் கிடையாது. சாயங்காலம் ஜெனோவா கேட்டாள், "மாமா, ரூமு நல்லா இருக்குல்லா?"

"சார்ஜா தோத்துரும்."

சிரித்துக்கொண்டே போனாள். நான் சொன்னால் அவளுக்கு அது போதும்.

ஏப்ரல் 26, சனி

காற்றாடி தகரத்தில் கல்லைப் போட்டு ஆட்டுவது போல் கத்துகிறது. இறக்கை பனியில் உரசுகிறது போலிருக்கிறது. கதவுப் பக்கத்து மீட்டர் எப்போதும் மைனஸ் பதினெட்டில் நிற்கும். இன்று மைனஸ் ஏழு காட்டுகிறது. மீட்டர் பழுது.

இருந்தாலும் பனியைக் கொஞ்சம் குறைத்துவிடலாம் என்று ஐஸ் உடைக்கிற கம்பியை எடுத்துக் குத்திப் பார்த்தேன். காயிலில் உள்ள மெல்லிய தகடு நாலைந்து மடங்கிவிட்டது. பனி வரவில்லை. பிறகு ஒரு வாளி வெந்நீர் ஊற்றினேன். அது தரைக்கு வந்ததும் ஐஸாகி, நான் மல்லாந்து விழுந்து, பெட்டி வரிசை ஒன்று என் மேல் சரிந்தது. அந்தச் சரிவை ஒற்றைக் கையால் தடுத்தேன். வேறு ஆளாக இருந்தால் ஆஸ்பத்திரிதான்.

இடுப்பு வலிக்கிறது.

ஏப்ரல் 27, ஞாயிறு

விடுதிக்கு மீன் எடுக்க ஜெனோவாவே உள்ளே போனாள். மேல் பெட்டியைத் திறந்து ஒரு சீலாவைக் கட்டை விரலால் அழுத்தினாள். விரல் உள்ளே போயிற்று. அடுத்த பெட்டி. அடுத்த பெட்டி. ஒவ்வொரு மூடியையும் திரும்ப அழுத்தி வைத்தாள். என்னை ஏசியிருக்கலாம்.

வெளியே வந்து விடுதிக்குப் போன் போட்டு, "சிஸ்டர், இன்னிக்கு மீன் அனுப்ப முடியாது, மன்னிச்சிருங்க" என்றாள். இளகின மீனைப் பிள்ளைகளுக்கு அனுப்ப அவளுக்கு மனசு வரவில்லை. அடுத்த போன் சங்கரலிங்கத்துக்கு.

அவன் வருவதற்குள் நான் போர்டைத் துடைத்துச் சுத்தமாக வைத்தேன். வருகிறவன் எல்லாம் ஒழுங்காக இருப்பதைப் பார்க்க வேண்டுமல்லவா.

ஏப்ரல் 28, திங்கள்

நேற்று மதியத்திலிருந்து இன்று சாயங்காலம் வரை வேலை. மீனையெல்லாம் வெளியே எடுத்து ஐஸ் போட்ட தெர்மோகோல் பெட்டிகளில் அடைத்தோம். மெஷினை நிறுத்திக் கதவைத் திறந்து விட்டு, பனி தானாக உருகும்வரை சங்கரலிங்கம் யாரையும் காயிலைத் தொட விடவில்லை.

"யாரு இதக் குத்துனது? குழாய்ல பட்டிருந்தா கேஸு முழுக்கப் போயிருக்கும்" என்றான்.

நான் இருமினேன்.

பிறகு போர்டைப் பார்த்தான். "ஹீட்டர் ஆன்லதான் இருக்கு" என்று தலையைச் சொறிந்தான்.

"குளிரு ரூமுக்கு ஹீட்டர் எதுக்கு தம்பி?" என்று ஜெனோவா கேட்டாள். நான் கேட்க நினைத்ததுதான்.

"காயில்ல பனி பிடிக்கத்தான்கா செய்யும். கதவத் தெறக்கும்போதெல்லாம் கடக்கரை ஈரம் உள்ள வருதுல்லா. அப்பப்ப கொஞ்ச நேரம் சூடாக்கி உருக்கி, தண்ணியா வெளிய விட்டாத்தான் காத்து போவும், ரூமு குளிரும். தெனமும் பல்லு வெளக்குத மாதிரிதான். வெளக்காம விட்டா?"

ஜெனோவா தலையாட்டினாள். நானும் ஆட்டினேன், ஏற்கெனவே தெரிந்தது போல.

ஹீட்டர் சரியாக இருந்தால் கோளாறு கதவில்தான் என்று சொல்லி, ஒரு காகிதத்தைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பார்த்துக்கொண்டே வந்தான். எல்லா இடத்திலும் காகிதத்தைக் கதவு கடித்துப் பிடித்தது. மேல் மூலையில் மட்டும் வழுக்கிக்கொண்டு வந்தது. அங்கே விரலை விட்டுத் துழாவி வெளியே எடுத்தான். குருத்தோலைச் சிலுவை. காய்ந்து, பனி படிந்து, அமுங்கிப் போயிருந்தது.

"இது யாரு வச்சது?"

"நான்தான் தம்பி" என்றாள் லூர்தம்மாள். மீன் கழுவிய கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே சொன்னாள்.

சங்கரலிங்கம் சந்தேகப்பட்டான். "இம்புட்டுப் பனிக்கு இந்த ஓலை மட்டுமா காரணம்?"

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். சார்ஜாவில் ஒருமுறை கதவு ரப்பரில் ஒற்றைச் சணல் நூல் சிக்கி, அந்த இடுக்கு வழியாக ஈரம் புகுந்து, ஒரு கப்பல் லோடு கோழி கெட்டுப்போன கதையைச் சொன்னேன். நூலின் நிறம் சிவப்பு என்றுகூடச் சொன்னேன். அப்படி ஒன்று நடக்கவே இல்லை.

"இருக்கும் அண்ணாச்சி. நம்ம ஊரு ஈரம் அப்படித்தான்" என்றான் சங்கரலிங்கம்.

இத்தனை வருசத்தில் நான் சொன்ன சார்ஜாக் கதைகளில் எல்லாரும் நம்பியது இது ஒன்றைத்தான்.

லூர்தம்மாள் அந்தச் சிலுவையைக் கையில் வாங்கிக்கொண்டு, கெட்டுப்போன மீனைப் பார்த்தாள். பிறகு சிலுவையைப் பார்த்தாள். என் பக்கம் பார்க்கவே இல்லை. வைத்தது யார் என்று கேட்டபோது, "அண்ணன்தான் ஏறி வச்சாவ" என்று ஒரு வார்த்தை அவள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஏப்ரல் 30, புதன்

விடுதிக்குக் கேரளத்து லாரி வந்து நிற்பதை ரூபர்ட் பார்த்துவிட்டு வந்து சொன்னான். ஜெனோவா கணக்குப் பார்ப்பது போல் குனிந்துகொண்டாள். மேசைமேல் ஒன்றும் இல்லை.

இளகாத அடிப்பெட்டிகள் ரூமுக்குத் திரும்பிவிட்டன. இளகின மீனையெல்லாம் லூர்தம்மாள் கீறி உப்புப் போட்டுக்கொண்டிருக்கிறாள். காலையில் உட்கார்ந்தவள் சோற்றுக்குக்கூட எழவில்லை. ஜெனோவா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து, "விடுங்கக்கா, தெரியாமத்தான நடந்துச்சு" என்றாள்.

"இல்ல மக்கா. ஆண்டவரு பேரச் சொல்லி ஒம் பொழப்பக் கெடுத்துட்டேன்."

நான் தண்ணீர் குடிக்க எழுந்து போனேன்.

மே 2, வெள்ளி

லூர்தம்மாள் வேலைக்கு வரவில்லை.

மே 3, சனி

வரவில்லை. மீன் வெட்ட நானே உட்கார்ந்தேன். மீன் வெட்டுவதில் நான் எவ்வளவு பெரிய ஆள் என்று எழுதலாம் என்றுதான் பேனாவை எடுத்தேன். விரலில் இரண்டு இடத்தில் கட்டுப் போட்டிருக்கிறது.

மே 4, ஞாயிறு

கோயிலில் அவள் கடைசி வரிசையில் நின்றாள். எப்போதும் முன்னால் நின்று பாட்டுக்குக் குரல் கொடுக்கிறவள். நன்மை அப்பம் வாங்கவும் எழுந்து போகவில்லை; பாவத்தோடு அதை வாங்கக் கூடாது. இது எதற்கு என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் ஆண்டவருக்கும் நடுவில் கொண்டுபோய் நான் எதை வைத்திருக்கிறேன் என்றும் தெரியும்.

இதுவரை எழுதியதை முதலிலிருந்து வாசித்தேன். அந்த இருபத்தேழாம் தேதி போர்டைத் துடைத்தேன் என்று எழுதியிருக்கிறேன். துணியை எடுத்தேன்தான். ஆனால் செய்தது ஹீட்டர் சுவிட்சைத் திரும்பப் போட்டது. அவ்வளவுதான். இதில் சேர்ப்பதற்கு ஒன்றும் இல்லை.

மே 6, செவ்வாய்

ஜெனோவாவிடம் சொல்லிவிட்டேன். காலையிலேயே, அவள் கடையைத் திறக்கும்போதே சொன்னேன். ஹீட்டரை அணைத்தது நான். பன்னிரண்டு நாள் அணைந்து கிடந்தது. மெக்கானிக் வருமுன்னே போட்டதும் நான். ஓலையைச் செருகினதும் என் கைதான். சார்ஜாவில் நூலும் இல்லை, கோழியும் இல்லை.

அவள் சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டுத் திரும்பினாள். பிறகு அவள் கண் நிறைந்துவிட்டது.

"மாமா, லூர்தக்கா வேலைக்கு வராம இருக்கது ஒங்களுக்கு இம்புட்டு வலிக்குதா?"

"வலிக்கத்தான் செய்யும். அவ மேல தப்பே இல்லயே பிள்ள. நான்தான்."

"தெரியும் மாமா. நீங்க எப்பவுமே அப்படித்தான். சின்னப் பிள்ளையில உண்டியல் ஒடைஞ்சதுக்கு அம்மா என்ன அடிக்க வந்தப்பகூட, நான்தான் ஒடைச்சேன்னு சொல்லி நீங்கதான அடி வாங்குனீய?"

அது நான் உடைத்ததுதான். அதையும் சொன்னேன். அவள் சிரித்துவிட்டாள்.

"சங்கரலிங்கத்தக் கேளு" என்றேன். போன் போட்டுக் கேட்டாள். ஸ்பீக்கரில் அவன் குரல் கேட்டது.

"ஹீட்டர் ஆன்லதான்கா இருந்துச்சு. நானே பாத்தேன். அண்ணாச்சி பாவம், மனசு கேக்காம சொல்லுதாவ. ஃப்ரீசர் ரூமுலயே பழந்தின்னு கொட்ட போட்ட மனுசன் ஹீட்டர அணைப்பாவளா? சின்னப் பையன்கூட அணைக்க மாட்டான்."

எனக்கு அங்கே ஒன்றும் தெரியாது, மூட்டைதான் சுமந்தேன் என்று இரண்டு பேரிடமும் சத்தம் போட்டுச் சொன்னேன்.

"இப்ப பாரு, லூர்தக்காவுக்காகத் தன் தொழிலையே கொறச்சுப் பேசுதாவ" என்றாள் ஜெனோவா.

மே 8, வியாழன்

லூர்தம்மாள் வீட்டுக்குப் போனேன். சொல்வதை ஒரே மூச்சில், வரிசையாக, கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். அப்படிப் பேசி எனக்குப் பழக்கமில்லை.

அவள் தரையைப் பார்த்தபடி முழுக்கக் கேட்டாள்.

"ஜெனோவா சொன்னா அண்ணே. எனக்காக நீங்க பழி ஏத்துக்கிட்டு நிக்கியன்னு சொல்லி அழுதா."

"பழி இல்லம்மா. நெசம். மாதா மேல சத்தி..."

வார்த்தையை முடிக்க விடவில்லை. எட்டி வந்து என் வாயை உள்ளங்கையால் பொத்திவிட்டாள். உப்பு வாசம் அடித்த கை.

"வேண்டாம் அண்ணே. மாதா பேர்ல பொய்ச்சத்தியம் பண்ணி எனக்காக ஒங்க ஆத்துமத்தக் கெடுத்துக்கிடாதிய. என்னால ஒருத்தரு கெட்டது போதும்."

அவள் குனிந்து என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"நீங்க இம்புட்டு சொல்லுதியளே, அதுக்காகவாவது நாளக்கழிச்சு வேலைக்கு வாரேன்."

மே 9, வெள்ளி

தெருவெல்லாம் செய்தி. டீக்கடையில் ரூபர்ட் எழுந்து எனக்கு இடம் விட்டான். கிண்டல் இல்லாமல், "அண்ணாச்சிக்கு ஒரு டீ" என்றான். முந்தாநாள் வரை நான் வாய் திறந்தால் கண்ணடித்துக்கொள்கிறவர்கள், இன்று நான் பேசட்டும் என்று காத்திருந்தார்கள். எத்தனை வருசமாக நான் ஏங்கிய இடம் அது. டீயை அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.

மே 10, சனி

லூர்தம்மாள் வந்தாள். எட்டு மணிக்கெல்லாம் அரிவாள்மணையைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். ஜெனோவா முகம் இரண்டு வாரத்துக்குப் பிறகு தெளிந்திருக்கிறது. விடுதி போனது போனதுதான். மிச்சமிருக்கிற மீனைச் சில்லறையாக விற்றுத் தடைக்காலத்தைத் தள்ளிவிடலாம் என்கிறாள்.

பத்து மணி போல விளமீன் பெட்டி ஒன்று வேண்டியிருந்தது. நான் எடுக்கிறேன் என்றேன். "நீங்க இடுப்பு வலியோட எதுக்கு அண்ணே" என்று சொல்லி அவளே எழுந்தாள்.

கதவருகே போனவள் நின்றாள். கைப்பிடியைத் தொடவில்லை. கழுத்துக் கயிற்றில் கிடந்த மாதா உத்தரியத்தை, அந்த மந்திரித்த துணித்துண்டை, தலைவழியே கழற்றினாள். அதை அவள் குளிக்கும்போதுகூடக் கழற்றி நான் கேள்விப்பட்டதில்லை. சுவரில் கோணி மாட்டுகிற ஆணி ஒன்று இருக்கிறது. உத்தரியத்தை ஒரு முறை முத்தமிட்டு, அந்த ஆணியில் மாட்டினாள். கதவிடுக்கில் எதுவும் சிக்கவில்லையே என்று மேலும் கீழும் ஒரு தடவை பார்த்தாள்.

பிறகு வெறுங்கழுத்தோடு உள்ளே போனாள்.